கார்க் கூரையில் ஒரு சாண் இடம்

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று நாளாகிறது. இங்கே மாரி பிடித்துவிட்டது, கடல் கலங்கிக் கிடக்கிறது. வீட்டில் எல்லோரும் சுகம். மூத்தவளுக்கு மூதூரில் ஆசிரிய வேலை கிடைத்திருக்கிறது. நாம் படகில் போன ஊருக்கு அவள் பஸ்ஸில் போய்வருகிறாள்.

காரிலுள்ள செயற்கைக்கோள் வானொலி காலையில் அறுந்து அறுந்து கேட்கிறது, மாலையில் நன்றாக இருக்கிறது, குளிரில் பெட்டி கெட்டுவிட்டது போலும், மாற்றப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். மாற்றாதே. உன் வீடு ரொறன்ரோவின் ஸ்காபரோவில், வேலை அதற்கு வடக்கேயுள்ள மார்க்கம் நகரில். காலையில் நீ வடக்கே ஓடுகிறாய், மாலையில் தெற்கே திரும்புகிறாய். அன்டெனாவை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருப்பதாகவும் நீயே எழுதியிருக்கிறாய். காரணம் அதுதான்.

2000ஆம் ஆண்டு ஆசியாஸ்டார் செயற்கைக்கோளை ஏவிய பிறகு, அதிலிருந்து வரும் வானொலியைக் கேட்க நான் வேர்ல்ட்ஸ்பேஸ் பெட்டி வாங்கியது நினைவிருக்கிறதா? அந்தச் செயற்கைக்கோள் கிழக்கு 105 பாகையில், பூமத்திய ரேகைக்கு மேலே நின்றது. நம் மொட்டைமாடியிலிருந்து கடல் பக்கமாக ஏறத்தாழ 60 பாகை அண்ணாந்து அன்டெனாவைத் திருப்பினேன். குறுக்கே தென்னோலை அசைந்தாலும் பாட்டு நின்றுவிடும். அதே பூமத்திய ரேகைக்கு மேலே, 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் ஒன்றை ரொறன்ரோவிலிருந்து பார்த்தால் அது தெற்கு வானில் 40 பாகைக்கும் கீழேதான் தெரியும். நீ வடக்கே ஓடும்போது தெற்கு வானம் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. முன்கண்ணாடிக்குக் கீழே கிடக்கும் அன்டெனாவுக்கும் அந்த வானத்துக்கும் நடுவே காரின் இரும்புக் கூரை வந்துவிடுகிறது. மாலையில் திரும்பும்போது கண்ணாடி வழியே நேராகப் பார்க்கிறது. குளிர் மீது பழி போடாதே.

ஆகவே அதை வெளியே எடுத்துக் கூரையின் மேல் வை. அடியில் காந்தம் இருக்கும், தானே ஒட்டிக்கொள்ளும். விளிம்பிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வை. கூரைக் கண்ணாடியும் சாமான் கட்டும் கம்பியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சுற்றிலும் இரும்பு வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு: அந்தத் தகடு முகம் பார்க்கும் கண்ணாடிபோல் அலையை மேலே திருப்பி அன்டெனாவுக்குத் துணை செய்கிறது. நாம் சிற்றலை கேட்க 15 மீற்றர் கம்பியைத் தென்னைக்குத் தென்னை இழுத்துக் கட்டினோமே, அது 31 மீற்றர் அலைக்கு. உன் வானொலி 2.3 கிகாஹேர்ட்ஸில் கேட்கிறது. அலை 13 சென்ரிமீற்றர்தான். அதனால்தான் உள்ளங்கைக்குள் அடங்கும் அன்டெனா போதுமாக இருக்கிறது.

வயரைப் பின்கண்ணாடியின் ரப்பருக்குள் செருகி, டிக்கி வழியாக உள்ளே கொண்டு போ. நுழையும் இடத்துக்குச் சற்று முன்னே கீழ்நோக்கித் தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். கதவிடுக்கில் நசுங்க விடாதே, மடித்து முறிக்காதே. மிச்ச வயரை வெட்ட உனக்குக் கை பரபரக்கும். வேண்டாம், அகன்ற வளையமாகச் சுருட்டி வை.

பிறகு தெற்கே மரமும் மாடியும் இல்லாத ஒரு வெளியில் காரை நிறுத்தி, பெட்டி காட்டும் அலை அளவைப் பார். செயற்கைக்கோளுக்குத் தனிக் கோடும், அதே ஒலியைத் தரையிலிருந்து திருப்பி அனுப்பும் தரைநிலையத்துக்குத் தனிக் கோடும் காட்டினால் முன்னதைப் பார். அங்கேயும் குறைவாக இருந்தால் வயரையோ அன்டெனாவையோ மாற்று, பெட்டியை அல்ல. பாட்டு அறுந்து மௌனமாகாமல் இரைச்சலோடு வந்தால் வானத்தில் குறை தேடாதே. பெட்டியிலிருந்து கார் ரேடியோவுக்கு எஃப்எம் வழியாகப் போகும் இணைப்பில்தான் கோளாறு; அதற்கு நேர் வயர் போட்டுக்கொள்.

பனி பெய்த காலையில் கண்ணாடியைத் துடைக்கும்போது கூரைக்கும் ஒரு கை கொடு. ஈரப்பனி மூடினால் அலை மங்கும்.

விடியுமுன்னே தனியாக அவ்வளவு தூரம் ஓடுகிறாய். காதில் ஒரு குரல் இல்லாமல் நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை. இந்தச் சனிக்கிழமையே செய்துவிட்டு, திங்கள் காலை வடக்கே போகும்போது எப்படிக் கேட்டது என்று எழுது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்,
பழைய கூட்டாளி