‘அவர் எந்தக் குடி?’: ஒளிவிழாவை முன்னிட்டுப் பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

மட்டக்களப்பு
மார்கழி மாதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். எதிர்வரும் வெள்ளிக்கிழமை நடைபெறவிருக்கும் பாடசாலை ஒளிவிழாவுக்கான, அதாவது நத்தார் (கிறிஸ்மஸ்) விழாவுக்கான, அழைப்பிதழைப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே கொடுத்தனுப்பியிருக்கிறேன். வழக்கமாக அத்துடன் என் கடமை முடிந்துவிடும். ஆனால் கடந்த வாரம் பாடசாலை வாசலில் ஒரு தாயார் கேட்ட கேள்விக்கு, மணியடிக்கும் அவசரத்தில் நான் சொன்ன மறுமொழி எனக்கே திருப்தியளிக்கவில்லை. “இயேசு பிறந்ததை நீங்களும் அவதாரம் எண்டுதானே சொல்றீங்க மிஸ்? எங்கட கிருஷ்ணாவதாரம் மாதிரித்தானே அதுவும்?” என்று அவர் கேட்டார். “ஓம், கிட்டத்தட்ட அப்படித்தான்” என்று சிரித்துவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். முகங்கோணாமல் இருப்பதற்காகச் சொன்ன பதில் அது, சரியான பதிலன்று. அந்தத் தாயாருக்கும், இதே கேள்வியை மனத்துக்குள் வைத்திருக்கக்கூடிய ஏனையோருக்கும் ஆறுதலாக எழுதுவது நல்லதென்று நினைத்தேன்.

இப்பாடசாலையை மிஷனரிமார் தொடங்கினார்கள் என்பதும், 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது இதுவும் அரசிடம் சென்றது என்பதும் நீங்கள் அறிந்ததே. இன்று இங்கே படிப்பவர்களுள் சைவப் பிள்ளைகளே கூடுதல். கிறிஸ்தவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகள் சிலரும் இருக்கிறார்கள். ஒருவர் நம்புவதை மற்றவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இங்கே எவரும் கேட்பதில்லை. ஆனால் வாணி விழாவில் கிறிஸ்தவப் பிள்ளைகள் அவலும் கடலையும் வாங்கி உண்பதோடு நின்றுவிடாமல் கலைமகளை ஏன் வணங்குகிறார்கள் என்றும் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிற நான், ஒளிவிழாவை மட்டும் கேக்கும் நத்தார் தாத்தாவும் பலூனுமாக முடித்துவிட்டால் அது நேர்மையாகாது.

‘அவதாரம்’ என்ற சொல் எங்கள் கீர்த்தனைகளிலும் பிரசங்கங்களிலும் தாராளமாக வருகிறது. மேலிருந்து இறங்கி வருதல் என்பது அதன் பொருள். அந்த அளவில் அது பொருத்தமான சொல்லே. ஆயினும் யுகந்தோறும் தாம் தோன்றுவதாகக் கண்ணன் கீதையில் சொல்கிறார். கிறிஸ்தவர்கள் சொல்வதோ ஒரே ஒரு முறை நிகழ்ந்தது, மீண்டும் நிகழத் தேவையில்லாதது. அதைவிட முக்கியமான வேறுபாடு இன்னொன்றுண்டு. காரியம் முடிந்ததும் களைந்துவிடும் வேடமாகக் கிறிஸ்துவின் மனித உடலைத் திருச்சபை ஒருபோதும் பேசவில்லை. பிறந்தார், பசித்தார், களைத்து உறங்கினார், அழுதார், இறந்தார். உயிர்த்தெழுந்த பின்னரும் ஆணி பாய்ந்த தழும்புகளோடு, அதே மனிதராகவே இருக்கிறார் என்பதே எங்கள் நம்பிக்கை. யோவான் எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரம், ‘வார்த்தை மாம்சமாகி’ என்ற வசனத்தில், இதற்குத் தேர்ந்துகொண்ட சொல் ‘மாம்சம்’. ‘உடல் கொண்டார்’ என்று கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருக்கலாம், அவர் சொல்லவில்லை.

சைவப் பெற்றோருக்கு இதில் உள்ள சங்கடம் வைணவருக்கு உள்ளதைவிடப் பெரிதென்பதையும் நான் அறிவேன். எங்கள் சைவசமய ஆசிரியர் ஒருவர் தேநீர் வேளையில், “பிறவா யாக்கைப் பெரியோன் என்றல்லவா சிலப்பதிகாரம் சிவனைச் சொல்கிறது? பிறப்பும் இறப்பும் உள்ளவனை நாங்கள் எப்படிக் கடவுள் என்போம்?” என்று கேட்டார். கண்ணகியின் சினம் தணியக் கோயில்களில் குளிர்த்தி பாடும் எங்கள் ஊரில் அந்தக் காப்பியத்தை வைத்தே வாதிட்டால் மறுத்துப் பேசுவது எளிதன்று. முஸ்லிம் பெற்றோர் ஈஸா நபியையும் மர்யம் அம்மையாரையும் மிகுந்த கண்ணியத்தோடு பேசுபவர்கள்; மர்யமின் பெயரால் குர்ஆனில் ஓர் அத்தியாயமே உண்டு. ஆயினும் இறைவன் பெறுவதுமில்லை, பெறப்படுவதுமில்லை என்பது அவர்களுடைய நம்பிக்கையின் அடித்தளம். இந்த இரண்டு மறுப்புகளையும் நான் மதிக்கிறேன். எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிக் கடந்துபோவதைவிட, எங்கே வேறுபடுகிறோம் என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டு ஒரே பந்தியில் அமர்வது மேல் என்பது என் எண்ணம்.

அப்படியானால் கிறிஸ்தவர்கள் என்னதான் சொல்கிறார்கள்? மட்டக்களப்பாருக்கு அதை விளக்க மட்டக்களப்பிலேயே ஒரு சொல் இருக்கிறது. புதிதாக ஒருவரைக் கண்டால் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்ற விசாரணைகளுக்குப் பின் மெல்ல வந்து சேரும் கேள்வி, “என்ன குடி?” என்பது. தந்தை எக்குடியினராயினும் பிள்ளை தாயின் குடியையே சேரும் என்பது இக்கரையோரத்துத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் நெடுங்காலமாக உள்ள வழக்கம். குடியின் பெயரால் முதன்மை பேசுவதும், கோயில் உரிமைக்காக முரண்படுவதும் எனக்கு உடன்பாடில்லாதவை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஒருவர் இன்னார் என்பதைத் தாயைக் கொண்டு அறியும் இவ்வழக்கம், நத்தாரின் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. கத்தோலிக்கரும் ஏனைய சபையாரும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பில், யோவானின் அந்த வசனம் ‘வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்’ என்று அமைந்திருக்கிறது. வாக்கு, வார்த்தை என்பவை இங்கே கிறிஸ்துவையே குறிக்கும். இயேசு மனிதரானது மரியாள் என்ற தாயின் வழியாக; அவள் உடலிலிருந்து பெற்றதே அவருடைய உடல். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், அவர் தாய் வழியாக மனிதக் குடியைச் சேர்ந்தவர்.

மத்தேயு தம் நற்செய்தியை ஒரு நீண்ட பெயர்ப்பட்டியலுடன் தொடங்குகிறார். ஒளிவிழாவில் அதை வாசிக்கும் பொறுப்பு எந்த மாணவனுக்குக் கிடைத்தாலும் அவன் முகம் வாடிவிடும். இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று தந்தைமார் வழியே செல்லும் அப்பட்டியலில் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி என நான்கு பெண்கள் இடையிடையே வருகிறார்கள். அவர்களுள் அந்நிய நாட்டவர் உண்டு. ஊரார் வாய்க்கு ஆளானவரும் உண்டு. பட்டியல் யோசேப்பிடம் வந்ததும் ‘பெற்றார்’ என்ற சொல் நின்றுபோகிறது; மரியாளிடத்தில் இயேசு பிறந்தார் என்று தாயின் பெயரோடு முடிகிறது. குலப்பெருமை பேசுவதற்கு எழுதிய பட்டியல் இப்படியா இருக்கும்? கடவுள் சேர்ந்த குடும்பம் எத்தகையது என்பதை மத்தேயு மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இந்த நம்பிக்கையைச் சொற்களில் ஒழுங்குபடுத்தத் திருச்சபைக்குப் பல தலைமுறைகள் பிடித்தன. கடவுளுக்கு உடல் ஏது, அது வெறும் தோற்றமே என்றவர்கள் தொடக்கத்திலேயே இருந்தார்கள். அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ், இறைமகனாகிய கிறிஸ்து உன்னதமானவரே ஆயினும் படைக்கப்பட்டவர் என்றார். 325ஆம் ஆண்டில் நிசேயாவில் கூடிய ஆயர்கள், தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அதற்கு மறுமொழி எழுதினார்கள். 451ஆம் ஆண்டில் கல்செதோனில் கூடிய ஆயர்களின் சங்கம், இறையியல்பும் மனித இயல்பும் கலவாமலும் மாறாமலும் பிளவுபடாமலும் பிரியாமலும் ஒரே ஆளில் இருக்கின்றன என்றது. அது எப்படி என்று சங்கம் விளக்கவில்லை. எப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்பதற்கு வேலி மட்டும் போட்டது. அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

இந்தச் சச்சரவுகளுள் ஆசிரியர் என்ற முறையில் நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பது, இவ்விரு சங்கங்களுக்கும் இடையில் எழுந்த ஒன்றைத்தான். லவோதிக்கேயாவின் ஆயர் அப்பொல்லினாரிஸ், கிறிஸ்துவுக்கு மனித உடல் உண்டு, ஆனால் மனித அறிவு இல்லை, அதன் இடத்தில் இறைவார்த்தையே இருந்தது என்று போதித்தார். கேட்பதற்குப் பக்தியான போதனைபோலத் தோன்றும். கடவுளுக்கு எதற்கு மனித மூளை? ஆனால் 381ஆம் ஆண்டு கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் அதைத் தள்ளிவிட்டது. நசியான்சுஸ் நகர கிரகோரியார் அதற்குச் சொன்ன காரணம், எதை அவர் ஏற்கவில்லையோ அது குணமாகவில்லை என்பது. மனித அறிவை அவர் ஏற்காவிட்டால், பிழை விடுகின்ற, மறக்கின்ற, குழம்புகின்ற எங்கள் அறிவுக்கு மீட்பு எங்கே?

இதன் விளைவைப் பெற்றோர் ஒருமுறை நின்று கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பெத்லகேமில் பிறந்த குழந்தை ஞானம் முழுவதையும் ஒளித்துவைத்துக்கொண்டு குழந்தைபோல நடிக்கவில்லை. அது பேசப் பழகியது, தவழ்ந்தது, விழுந்தது, தாயின் வாயிலிருந்து அரமேயச் சொற்களைப் பொறுக்கியது. இயேசு ‘ஞானத்திலும் வளர்த்தியிலும்’ விருத்தியடைந்தார் என்று லூக்கா எழுதுகிறார். பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் போதகர்களின் நடுவே அவர் அமர்ந்திருந்த காட்சியையும் லூக்காவே தருகிறார். அங்கே அவர் முதலில் செவிகொடுக்கிறார், பிறகு கேள்வி கேட்கிறார். ஏறக்குறைய முப்பது வயது வரை நாசரேத்து என்ற சிற்றூரில் தச்சுவேலை செய்பவராக, எவருடைய கண்ணிலும் படாமல் இருந்தார். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்துவிட்டதென்று பிள்ளையை உறவினர் வீட்டுக்கும் கூட்டிப்போகாமல் வைத்திருக்கும் பெற்றோரை நான் ஒவ்வோராண்டும் சந்திக்கிறேன். அவர்களிடம் இதை நேரில் சொன்னால் மதம் பேசுகிறேன் என்று நினைக்கக்கூடும். அதனால் கடிதத்தில் எழுதுகிறேன். தெரியாமலிருந்து தெரிந்துகொள்வது குறைபாடன்று, கடவுளே அந்த வழியால் நடந்துபோனார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் ஒரு பகுதி.

ஒன்பதாந்தர மாணவர்கள் பிரதான மண்டபத்தில் பாலன் குடில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வழக்கத்தை 1223ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் பரப்பினார். கடந்த ஆண்டு கடையில் வாங்கிய பனிப்பஞ்சைத் தூவினார்கள். நடு மாரியில், வாவி கரைமுட்டி நிற்கும் நேரத்தில் பனி எங்கிருந்து வந்ததென்று கேட்டேன். இம்முறை கிடுகும் வைக்கோலும் பன்பாயும் கொண்டுவந்திருக்கிறார்கள். வேதத்தில் வரும் ‘முன்னணை’ என்றால் என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி என்று சொன்னேன். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து வரும் மாணவன் ஒருவன், “எங்கட பட்டியில தொட்டியே இல்ல மிஸ், மாடு மேய்ச்சத்தரைக்குத்தான் போகும்” என்று என்னைத் திருத்தினான். அப்படியானால் எங்கள் ஊரில் இடமில்லாத ஒரு தாய் பிள்ளையை எங்கே கிடத்துவாள் என்று கேட்டேன். நெடுநேரம் விவாதித்து, கிடுகுக் கூரையின் வளையில் பழஞ்சேலையால் ஏணை கட்டுவதென்று முடிவெடுத்தார்கள். முடிவெடுத்தவர்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பிள்ளைகள் அல்லர்.

இன்னொன்றையும் எழுதாமல் விட முடியவில்லை. 2004ஆம் ஆண்டு நத்தார் ஒரு சனிக்கிழமையில் வந்தது. மறுநாள் காலை கடல் வந்தது. அப்போது நான் இளம் ஆசிரியை. கல்லடியிலிருந்தும் நாவலடியிலிருந்தும் தப்பி வந்தவர்கள் தங்கியிருந்த பாடசாலையொன்றில் உதவிக்கு நின்றேன். பேரனின் உடலைத் தேடி எடுத்துவந்த ஒரு மூதாட்டியைத் தேற்ற எண்ணிய ஒருவர், “உயிர் போயிற்றம்மா, இது வெறும் கூடுதானே” என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். மூதாட்டி நிமிர்ந்து பார்த்து, “கூடெண்டு சொல்லாதீங்க. நான் குளிப்பாட்டி வளர்த்த உடம்பு” என்றார். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் ‘மாம்சம்’ என்ற அந்தச் சொல்லை நத்தார் ஆராதனையில் வாசிக்கும்போதெல்லாம் அவர் குரலே எனக்குக் கேட்கிறது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுத்தாக்குதலில் எங்கள் நகரத்துச் சிறுவர்களையும் பெரியவர்களையும் இழந்தபோதும் அக்குரல் கேட்டது. இவை ஏன் நிகழ்ந்தன என்பதற்கு நத்தார் விடை சொல்வதில்லை. சொல்வதாகக் கூறுபவர்களை நான் நம்புவதுமில்லை. ஒரு தாய் குளிப்பாட்டி வளர்த்த உடம்பு கடவுளுக்கும் இருந்தது, அது கொல்லப்பட்டது, அதை அவர் கைவிடவில்லை என்பதே கிறிஸ்தவர் சொல்வது.

வாசலில் கேள்வி கேட்ட அம்மா, இதுதான் நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி. இன்னும் கேள்வி இருந்தால் கட்டாயம் வாருங்கள், இம்முறை மணியடித்தாலும் ஓடமாட்டேன்.

விழா காலை 8.30 மணிக்குத் தொடங்கும். மண்டபத்தில் கதிரைகள் போதா. முடிந்தவர்கள் பாய் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும். சிற்றுண்டி சைவ உணவாகவே இருக்கும் என்பதால் எவரும் தயங்க வேண்டியதில்லை. மழை விடாவிட்டால் தரம் ஒன்று, இரண்டு பிள்ளைகளின் ஊர்வலம் மட்டும் நிறுத்தப்படும். ஏணைக்கு மெல்லிய நூற்சேலை ஒன்று தேவைப்படுகிறது. வீட்டில் பிள்ளையைக் கிடத்திய பழஞ்சேலை இருந்தால், தோய்த்து, வியாழக்கிழமைக்கு முன் ஒன்பதாந்தர வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். விழா முடிந்ததும் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

இங்ஙனம்,
அதிபர்