பழைய வெள்ளிக் கரண்டிகளின் முத்திரைகளை அழித்த பாலிஷ் வேலை குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
சென்னை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பழம்பொருள் சீரமைப்புப் பிரிவு.

பொருள்: சுத்தம் செய்ய ஒப்படைத்த பழைய வெள்ளி மேசைப் பொருட்களுக்குத் தங்கள் பட்டறையில் நேர்ந்த சேதம் – இழப்பீடு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த மாதம் தங்களிடம் நான் ஒப்படைத்தவை ஆறு மேசைக்கரண்டிகள், ஆறு கத்திகள், மூடியுள்ள ஒரு பரிமாறும் பாத்திரம், ஒரு சர்க்கரைக் கிண்ணம். கையால் மட்டுமே துடைக்க வேண்டும், இயந்திர பாலிஷ் கூடாது, முலாம் பூசக் கூடாது என்று நான் சொன்னதைத் தங்கள் ஊழியரே ரசீதில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். பெட்டி திரும்பி வந்தபோது, வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு முறைகளில் செய்யப்பட்ட அத்தனை பொருட்களும் ஒரே வெண்மையில், நேற்றுக் கடையில் வாங்கியவை போல மின்னின. ரசீதில் எழுதிய மூன்று நிபந்தனைகளும் மீறப்பட்டிருக்கின்றன என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

முதலில் கரண்டிகளைப் பற்றிச் சொல்கிறேன். அவற்றுக்கு நேர்ந்ததை இனி யாராலும் சரிசெய்ய முடியாது. அவை ‘ஓல்டு இங்கிலீஷ்’ எனப்படும் வடிவத்தில் செய்யப்பட்டு, 1800ஆம் ஆண்டுக்குரிய முத்திரையை லண்டனில் பெற்றவை. ஒவ்வொரு காம்பின் பின்புறத்திலும் ஐந்து சிறு முத்திரைகள் இருந்தன. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பதற்கு நடக்கும் சிங்கம், வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிட்ட லண்டன் சோதனைக்கூடத்துக்கு முடி தரித்த சிறுத்தைத் தலை, ஆண்டைக் குறிக்க ஓர் எழுத்து, வரி செலுத்தியதற்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தலை, செய்த கைவினைஞரின் பெயரெழுத்துகள். மன்னர் தலை 1784 முதல் 1890 வரைதான் குத்தப்பட்டது; சிறுத்தையின் முடி 1821இல் நீக்கப்பட்டது. ஆகவே இந்த முத்திரைகள் ஒன்றுக்கொன்று சாட்சியாக நின்று, கரண்டியின் வயதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிக்கொண்டிருந்தன. இன்று நான்கு கரண்டிகளில் சிங்கம் ஒரு மேடாக மட்டுமே தெரிகிறது. மன்னரின் முகம் வழவழப்பான ஒரு முட்டை வடிவம். ஆண்டெழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தான ‘ஈ’. அதன் அடிக்கோடு தேய்ந்துவிட்டதால், அடுத்த ஆண்டுக்குரிய ‘எஃப்’ என்றுதான் இனி எவரும் படிப்பார்கள்.

வெள்ளி மென்மையான உலோகம். அதைச் சுழலும் பஃபிங் சக்கரத்தில் பிடித்தால், கறுப்பு மட்டும் போவதில்லை, அடியிலுள்ள உலோகமும் சேர்ந்து போகும் என்பது இத்தொழிலில் இருக்கும் தங்களுக்குத் தெரியாததல்ல. ஆறு கரண்டிகளையும் வாங்கிக்கொண்டபோது தங்கள் ரசீதில் குறித்த எடை 402 கிராம். இப்போது எடை 391 கிராம். குறைந்த 11 கிராம் வெள்ளியின் விலையை நான் கேட்கவில்லை. முத்திரைகளின் விளிம்பும் செதுக்கலின் ஆழமும் அந்த 11 கிராமில்தான் இருந்தன.

எடை குறைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. காம்பின் முன்புறத்தில், முன்பு இவற்றை வைத்திருந்த குடும்பம் செதுக்குவித்த பெயரெழுத்துகள் இருந்தன. ‘வேறொருவரின் எழுத்து உங்களுக்கு எதற்கு என்று, கூடுதல் கட்டணம் வாங்காமலே எடுத்துக் கொடுத்தோம்’ என்று தங்கள் பட்டறை மேற்பார்வையாளர் தொலைபேசியில் விளக்கினார். அவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் செதுக்கலை அகற்ற வேண்டுமானால் அதன் ஆழத்துக்குச் சுற்றியுள்ள வெள்ளியை முழுவதும் சுரண்டியாக வேண்டும்; சுரண்டிய இடத்தில் காம்பு இப்போது மெலிந்து, கட்டைவிரலால் அழுத்தினால் வளைந்து கொடுக்கிறது. இதைக் கேட்டுச் செய்திருக்க வேண்டும். கேட்டிருந்தால் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லியிருப்பேன். பழைய வெள்ளியைச் சேகரிப்பவர்கள் முந்தைய உரிமையாளரின் எழுத்தைக் குறையாக எண்ணுவதில்லை. அந்தப் பொருள் யார் வீட்டு மேசையில் இருந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் தடயம் அது ஒன்றுதான்.

பரிமாறும் பாத்திரத்துக்குச் செய்ததும் ஏறக்குறைய இதற்கு நிகரானது. அது முழு வெள்ளியன்று, பழைய ஷெஃபீல்டு தகட்டில் செய்தது. செம்பின் மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூட்டில் ஒட்டவைத்து, உருளையில் நீட்டி, அந்தத் தகட்டிலிருந்தே பாத்திரத்தை உருவாக்கும் இம்முறையை 1743 வாக்கில் ஷெஃபீல்டு நகரத்துக் கத்தித் தொழிலாளர் தாமஸ் போல்சோவர் கண்டுபிடித்தார். பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனத்தார் 1840இல் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு பழைய முறை வெகு விரைவில் வழக்கொழிந்தது. என் பாத்திரத்தின் விளிம்புகளிலும் மூடியின் மேட்டிலும் வெள்ளி தேய்ந்து செம்பு இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்தது. பழைய ஷெஃபீல்டு தகடு என்று அதைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். அதைக் குறை என்று கருதித் தங்கள் பட்டறை பாத்திரம் முழுவதற்கும் மின்முலாம் பூசிவிட்டது. பழைய வெள்ளியின் அடங்கிய நிறம் போய், தூய வெள்ளிப் பூச்சின் கூசும் வெண்மை வந்திருக்கிறது. இனி இதை எந்த ஏலத்துக்கு எடுத்துச் சென்றாலும் மறுமுலாம் பூசிய பொருள் என்றே பதிவு செய்வார்கள்.

கத்திகளின் கைப்பிடிகள், மெல்லிய வெள்ளித் தகட்டின் இரு பாதிகளைப் பற்றவைத்து, உள்ளே பிசினை நிரப்பிச் செய்யப்பட்டவை. சுடுநீரில் ஊறவைத்தால் பிசின் இளகி விரியும். அப்படி ஊறவைத்ததால்தான் போலும், மூன்று கத்திகளில் அலகு ஆடுகிறது. ஒன்றில் பற்றவைத்த இணைப்பு பிளந்து பிசின் வெளியே வந்திருக்கிறது.

சர்க்கரைக் கிண்ணத்தைப் பற்றி எழுதவே மனம் வலிக்கிறது, ஏனென்றால் அது நம் ஊரில் உருவான கலை. 19ஆம் நூற்றாண்டில் மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் புகழ்பெறச் செய்த சுவாமி வேலைப்பாட்டைச் சேர்ந்த கிண்ணம் அது. தகட்டைப் பின்புறமிருந்து தட்டித் தெய்வ உருவங்களைப் புடைப்பாக எழுப்பி, முன்புறத்தில் உளியால் கண், நகை, ஆடை மடிப்பு என்று நுணுக்கி முடிக்கும் வேலை. உருவங்களைச் சுற்றியுள்ள பள்ளங்களில் கருமை படிந்திருப்பதால்தான் உருவம் எழுந்து நிற்கிறது. தாங்கள் அதை அமிலத் திரவத்தில் முக்கி எடுத்ததில் அந்தக் கருமை முழுவதும் கரைந்து, மயிலும் முருகனும் பின்னணியும் ஒரே வெள்ளையாகக் கலந்து கிடக்கின்றன. பாலிஷ் போட்டதில் முருகனின் மூக்கும் மழுங்கிவிட்டது. வெள்ளிப் பாவை விளக்கை விபூதியால் துடைக்கும் வீடுகளில்கூட, பாவையின் முகத்தில் அழுத்தித் தேய்க்க மாட்டார்கள்.

என் முதல் மின்னஞ்சலுக்குத் தாங்கள் அனுப்பிய பதிலில், பொருட்கள் புதியவை போல் இருப்பதாகவும், எப்போதாவது வெளியே எடுக்கும் காட்சிப் பொருட்களுக்கு இந்தப் பளபளப்பே சிறப்பு என்றும் எழுதியிருந்தீர்கள். இவை காட்சிப் பொருட்கள் அல்ல. எங்கள் வீட்டில் அந்தக் கரண்டிகளால்தான் சாப்பிடுகிறோம். நாள்தோறும் பயன்படுத்தி, இளஞ்சூடான சோப்பு நீரில் கையால் கழுவி, உடனே துணியால் ஒற்றி எடுக்கும் வெள்ளிக்குப் பாலிஷ் அதிகம் தேவைப்படுவதே இல்லை. முட்டையும் வெங்காயமும் கந்தகத்தால் கறுப்பைத் தரும், உப்பு குழியே போட்டுவிடும். இவற்றை மட்டும் கவனித்தால் போதும். பயன்பாட்டில் விழும் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் ஒன்றுசேர்ந்து காலப்போக்கில் ஒரு மென்மையான ஒளியைத் தருகின்றன. அந்த ஒளி கூடத் தலைமுறைகள் ஆகும், அதைச் சக்கரத்தில் அழிக்கச் சில நிமிடங்கள் போதும். இடையில் பெட்டியில் கிடந்த காலத்தில் படிந்த கறுப்பை மட்டும் எடுக்கவே தங்களிடம் வந்தேன்.

எனவே நான் கோருபவை இவை. சேவைக் கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். பழைய வெள்ளியை மதிப்பிடும் அனுபவமுள்ள, இரு தரப்பும் ஏற்கும் ஒருவரைக் கொண்டு, ஒப்படைக்கும் முன் நான் எடுத்த புகைப்படங்களையும் தற்போதைய நிலையையும் ஒப்பிட்டு மதிப்புக் குறைவைக் கணித்து, அத்தொகையை இழப்பீடாக வழங்க வேண்டும். அவருக்குரிய கட்டணத்தையும் தாங்களே ஏற்க வேண்டும். கத்திகளைச் சரிசெய்யும் செலவையும் தர வேண்டும். அந்த வேலையை நான் தேர்ந்தெடுக்கும் கைவினைஞரிடம் செய்துகொள்கிறேன், தங்கள் பட்டறைக்கு எதையும் மீண்டும் அனுப்ப மாட்டேன். பரிமாறும் பாத்திரத்தின் மேல் எவ்வளவு கனத்தில் முலாம் பூசினீர்கள், கிண்ணத்தை எந்தத் திரவத்தில் முக்கினீர்கள் என்ற விவரங்களையும் எழுத்தில் தர வேண்டும். அடுத்துச் செய்ய வேண்டியதை அதை வைத்தே முடிவு செய்ய இயலும்.

தங்கள் விளம்பரத் தாளில் ‘பழமை காக்கும் சுத்தம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இயந்திர பஃபிங்கையும் மின்முலாமையும் வழக்கமாகச் செய்துவரும் வரையில் அந்த வாசகத்தை நீக்குமாறு வேண்டுகிறேன். பாட்டி வைத்துவிட்டுப் போன கரண்டிகளை நம்பிக் கொண்டுவரும் வேறொருவருக்கும் இதே கதி நேரக் கூடாது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். ரசீதின் நகலையும் முன்பும் பின்பும் எடுத்த புகைப்படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். பொருட்களைப் பார்வையிட விரும்பினால், முன்கூட்டித் தெரிவித்துவிட்டுத் தங்கள் பிரதிநிதி என் வீட்டுக்கு வரலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்