ஃபாக்லாந்து ஆட்டுப் பண்ணைக் குடும்பத்தாருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய பண்ணைக் குடும்பத்தாருக்கு,

வணக்கம். உங்களுக்கு ஆங்கிலத்தில் தனியே எழுதி அனுப்பிவிட்டோம் என்றாலும், எங்கள் வீட்டு மொழியில் பலரும் அறியச் சொன்னால்தான் மனம் நிறையும் என்பதால் இம்மடலை எழுதுகிறோம். உங்கள் விருப்பப்படி உங்கள் பெயரையும் தீவின் பெயரையும் குறிப்பிடவில்லை.

கடந்த ஜனவரியில் எங்கள் பாய்மரப் படகில், உருகுவேயின் மோன்டெவீடியோவிலிருந்து தென் அட்லாண்டிக்கிலுள்ள ஃபாக்லாந்து தீவுகளின் தலைநகர் ஸ்டான்லி வந்து சேர்ந்து, நுழைவு முறைகளை முடித்துக்கொண்டு மேற்கு ஃபாக்லாந்தை நோக்கிச் சென்றபோது, பலத்த மேல்காற்றில் பாய்மரத்தை முன்புறம் தாங்கும் கம்பிவடம் அறுந்தது. எஞ்சினை நம்பி உங்கள் குடாவுக்குள் நுழைந்தோம். கெல்ப் என்னும் நீண்ட கடற்பாசி சுழல்விசிறியில் சுற்றிக்கொள்ள, அதுவும் நின்றது. வானொலியில் அழைத்த அரை மணி நேரத்திற்குள் சிறு படகில் வந்து கயிறு வீசி, நங்கூரம் பிடிக்கும் இடம் வரை எங்களை இழுத்துச் சென்றீர்கள். இதற்கு என்ன தரவேண்டும் என்று கேட்க வாயெடுத்தோம். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று நீங்கள் கேட்டீர்கள்.

புதிய கம்பிவடம் வந்து சேர 19 நாள் ஆயிற்று. அது உரோமம் கத்தரிக்கும் பருவம். ஓய்வென்பதே இல்லாத அந்நாள்களில் நான்கு பேர் பாரமாக வந்து சேர்ந்தோமே என்று நாங்கள் கூசியதை எப்படியோ உணர்ந்து, மூன்றாம் நாள் காலையில் எங்களைக் கொட்டகைக்கு அழைத்துச் சென்று வேலை கொடுத்தீர்கள். அதற்காகத்தான் முதன்மையாக இந்த நன்றி. கத்தரிப்பவர் ஓர் ஆட்டை முடித்து எழுந்ததும், ஒரே போர்வையாகக் கழன்றுவந்த உரோமத்தைச் சட்டங்கள் அடித்த மேசைமேல் எப்படி விரித்து வீசுவது, அழுக்கேறிய ஓரங்களை எந்த அளவுக்குப் பிய்த்து நீக்குவது என்பதையெல்லாம் உங்கள் தாயார் என் கையைப் பிடித்துக் கற்பித்தார். நான் கெடுத்தவற்றைச் சொல்லாமல் சரிசெய்தார். நான்காம் நாளுக்குப் பிறகு சரிசெய்யவில்லை. என் கணவர் உரோமத்தை அழுத்திப் பொதி கட்டினார், பிள்ளைகள் தரையைக் கூட்டினார்கள். ஸ்மோக்கோ எனப்படும் தேநீர் இடைவேளையில், வேலை செய்தவர்கள் என்ற உரிமையோடு கேக் தட்டை நோக்கிக் கை நீட்டினோம்.

ஸ்டான்லிக்கு வெளியே உள்ள நாட்டுப்புறத்தை நீங்கள் 'கேம்ப்' என்கிறீர்கள். அங்குள்ள பிள்ளைகளுக்காகப் பண்ணை பண்ணையாகச் செல்லும் ஆசிரியர் அவ்வேளையில் வந்திருந்தார். படகிலேயே படித்துவரும் எங்கள் பிள்ளைகள் இருவரையும் தம் மேசையில் சேர்த்துக்கொண்டார். அவருக்கும் எங்கள் நன்றி. மரங்கள் இயல்பாக வளராத அத்தீவுகளில் நெடுங்காலமாக எரிபொருளாயிருந்த பீட் என்னும் மட்கிய தாவரமண் கட்டிகளை அடுப்பிலிட்டு, ஈரமான எங்கள் உடைகளை இரவெல்லாம் உலர்த்தித் தந்தீர்கள். அந்தப் புகை மணம் எங்கள் போர்வைகளில் இன்னும் இருக்கிறது.

கம்பிவடம் சிறு விமானத்தில் வந்த அன்று, புல் ஓடுதளத்திலிருந்து வாத்துகளையும் ஆடுகளையும் விரட்டியவர்களும் நீங்களே, தீயணைப்பு வண்டியை இழுத்துவந்து காத்துநின்றவர்களும் நீங்களே. கம்பிவடத்தைப் பூட்ட உங்கள் மூத்த மகன் காற்றில் பாய்மரத்தின் உச்சிவரை ஏறினார். அவர் எங்கள் படகில் விட்டுவிட்டுப் போன கையுறைகளை ஸ்டான்லியில் விமானத்தாரிடம் ஒப்படைத்திருக்கிறோம். அடுத்த தபாலோடு வந்து சேரும்.

மாறாத அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் குடாவில் 19 நாள் நங்கூரமிட்டிருந்த குடும்பத்தார்