செயற்கைக்கோள் மண்ணைத் தோண்டிப் பார்க்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

செயற்கைக்கோள் மூலமே மண் வளத்தையும் மண்ணில் சேரும் கரிமத்தையும் (கார்பன்) அளந்துவிடலாம், இனி யாரும் மண் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை என்கிற தொனியில் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதி சரி. மீதிப் பாதியைக் கேள்வி கேட்காமல் விட்டால் கடைசியில் விவசாயி தலையில்தான் வந்து விடியும், அதனால் எழுதுகிறேன்.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள், ஐந்து நாளுக்கு ஒருமுறை 13 அலைவரிசைகளில் நிலத்தைப் படம் பிடிக்கின்றன. மண் கரிமத்தைக் கணிக்க அதிகம் உதவுகிற, கண்ணுக்குத் தெரியாத சிற்றலை அகச்சிவப்பு ஒளியில் ஒரு படப்புள்ளி 20 மீட்டருக்கு 20 மீட்டர், அதாவது ஓர் ஏக்கர் நிலம் மொத்தமே பத்துப் புள்ளிதான். அது கூடப் பரவாயில்லை. அந்த ஒளி மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்று கட்டுரையில் ஒரு வரி இல்லையே! சில மில்லிமீட்டர் போனாலே பெரிது. கரிமக் கணக்கோ வழக்கமாக 30 செ.மீ. ஆழத்துக்குப் போடப்படுகிறது. தோலைப் பார்த்தே பழத்தின் இனிப்பைச் சொல்கிற வேலை இது.

அந்தத் தோலும் எந்நேரமும் தெரிவதில்லை. பயிர் நின்றால் பயிர்தான் தெரியும், அறுவடை முடிந்தால் தாளும் சருகும், மேகம் வந்தால் ஒன்றுமே இல்லை. உழவுக்கும் முளைப்புக்கும் நடுவே சில நாட்கள்தான் வெறும் மண் கண்ணில் படும் என்பதால், பல வருடப் படங்களிலிருந்து வெறும் மண் தெரிந்த புள்ளிகளை மட்டும் பொறுக்கி ஒரே படமாக ஒட்டுகிறார்கள். நல்ல உத்திதான், எந்த நிலத்தில் கரிமம் அதிகம், எதில் குறைவு என்று ஒப்பிட உதவும். ஆனால் பல வருடங்களைச் சேர்த்து ஒட்டிய படத்தை வைத்துக்கொண்டு போன வருடத்தைவிட இந்த வருடம் எவ்வளவு கூடியது என்று எப்படிச் சொல்வது? தவிர, ஈர மண்ணும் கறுப்பாகத் தெரியும், கரிமம் கூடிய மண்ணும் கறுப்பாகத் தெரியும். மழை பெய்த மறுநாள் எடுத்த படம் ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால், நேற்றைய மழையைக் கணினி கரிமம் என்று எண்ணிக்கொள்ளும்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. ஆழம் என்றால் 3,000 கன மீட்டர் மண். ஒரு கன மீட்டர் 1.3 டன் என்று வைத்தால் 3,900 டன். அதில் கரிமம் 1 சதவீதம் இருந்தால் 39 டன். தொழுவுரம், மூடாக்கு, ஊடுபயிர் எல்லாம் செய்து வருடத்துக்கு அரை டன் கரிமம் கூடினால் அது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அளவீட்டில் அது எப்படித் தெரியும்? 1.00 சதவீதம் 1.013 ஆகும், அவ்வளவுதான். ஆய்வகத்திலேயே இதைப் பிரித்தறிவது கஷ்டம், அதனால்தான் மண் அறிவியலாளர்கள் ஐந்து, பத்து வருடம் பொறுத்து அளக்கச் சொல்கிறார்கள். செயற்கைக்கோள் கணிப்பின் பிழையோ இதைவிடப் பல மடங்கு. இந்த லட்சணத்தில் வருடா வருடம் திரையிலேயே அளந்து கார்பன் கிரெடிட் (மண்ணில் சேர்த்த கரிமத்துக்குத் தரும், விற்கக்கூடிய சான்று) தருகிறோம் என்று யாராவது வந்தால், எதை அளந்தீர்கள் என்று கேட்க வேண்டாமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. அது யார் கண்ணிலும் அதிகம் படுவதில்லை. உழாமல் விவசாயம் செய்யும்போது கரிமம் மேல் அடுக்கில் சேர்கிறது. கீழே பல இடங்களில் குறைந்தும் போகிறது. மேலே கூடியதையும் கீழே குறைந்ததையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் பெரிதாக மாறாமலே இருக்கலாம். மேலே இருந்து பார்க்கிற கருவிக்கு இதில் எந்தப் பாதி தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் மண் வளம் என்றால் கரிமம் மட்டுமா? கார அமில நிலை, மண்புழு, தண்ணீர் உள்ளே இறங்கும் வேகம் எல்லாம் இருக்கிறது. பயிர் பச்சையாகத் தெரிகிறது, எனவே மண் நன்றாக இருக்கிறது என்கிற வாதமும் எனக்கு ஒட்டவில்லை. யூரியாவை அள்ளி வீசினாலும் பச்சைதான்.

இதற்காகச் செயற்கைக்கோளே வேண்டாம் என்று சொல்லவில்லை, அதன் வேலையே வேறு. நிலம் எத்தனை நாள் வெறுமையாகக் கிடந்தது, எப்போது உழுதார்கள், தாளை எரித்தார்களா, மூடுபயிர் போட்டார்களா என்பதையெல்லாம் அது நன்றாகவே சொல்லும். 1972 முதல் சேர்ந்த அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008-லிருந்து இலவசம், ஒரு நிலத்தின் பழைய கதையை அதில் தேடலாம். 2015-ல் நாசா ஏவிய எஸ்மேப் செயற்கைக்கோள் மேல் 5 செ.மீ. மண்ணின் ஈரத்தைச் சொல்கிறது. அதன் ஒரு புள்ளி ஏறத்தாழ 40 கி.மீ. அகலம் என்பதால் வறட்சியைக் கவனிக்க அருமையானது, தனி ஒரு வயலுக்கு உதவாது. எல்லாவற்றையும்விட, எங்கே தோண்ட வேண்டும் என்று செயற்கைக்கோள் படம் காட்டும். நிலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டம் கட்டமாகத் தோண்டுவதற்குப் பதிலாக, படத்தில் வேறுபட்டுத் தெரிகிற பகுதிகளைப் பிரித்து ஒவ்வொன்றிலும் சில இடங்களில் எடுத்தால் செலவு நன்றாகக் குறையும். எடுப்பதையும் ஒழுங்காக எடுக்க வேண்டும், அளவு தெரிந்த குழாயை அடித்து இறக்கி, உலர்த்தி எடை போட்டு மண்ணின் அடர்த்தியைப் பார்க்காமல் கரிமச் சதவீதம் மட்டும் எழுதினால் டன் கணக்கு வராது. புதிதாக உழுத மண் பொலபொலவென்று இருக்கும், அதே 30 செ.மீ.க்குள் மண்ணே குறைவாகத்தான் இருக்கும்.

ஆகவே அடுத்த முறை இப்படி ஒரு வண்ண வரைபடத்தை அச்சிடும்போது, அதைச் சரிபார்க்க எத்தனை இடத்தில் மண் எடுத்தார்கள், எவ்வளவு ஆழம், கணிப்பில் பிழை எவ்வளவு என்று தயாரித்தவர்களிடம் கேட்டு வரைபடத்துக்குக் கீழேயே போடுங்கள். பதில் தரவில்லை என்றால் அதையும் போடுங்கள். எடுத்த மண்ணின் முடிவு நிலத்துக்காரர் கைக்கு வந்ததா என்பதையும் சேர்த்துக் கேட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்