கன்னியாகுமரிக்கு சைக்கிள்ல கிளம்புறவங்க கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மழை முடிஞ்சு ஜனவரி ஆச்சுன்னா சென்னையிலேருந்து கன்னியாகுமரிக்கு சுமார் 700 கிலோமீட்டர் சைக்கிள்லயே போறேன்னு பசங்க கிளம்புறாங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா ஜெர்சி ஹெல்மெட் வாங்குனதோட ரெடின்னு நெனச்சுடுறாங்க. முதல்ல பாக்க வேண்டியது பின்சக்கரம், கேரியர்ல கட்டுற பை மொத்தமும் அதுமேலதான் ஏறுது, ஸ்போக்கை ரெண்டு ரெண்டா விரலால அமுக்கிப் பாத்தா எது லூசுன்னு தெரிஞ்சிடும். ட்யூப்ல காத்தடிக்கிற வால்வு ஒல்லியான பிரெஸ்டா வகையா இருந்தா பெட்ரோல் பங்க்ல நேரா காத்து ஏறாது, அதுமேல மாட்டுற குட்டி பித்தளை அடாப்டரும் கைப்பம்பும் கண்டிப்பா வேணும். முழு லோடோட ஒருநாள் மாமல்லபுரம் போயிட்டு வாங்கப்பா, கை மரத்துப்போறது, சீட் உயரம் சரியில்லாம முட்டி வலிக்கிறது எல்லாம் அன்னைக்கே தெரியும். உங்க இளைஞர் பக்கத்துல இதைப் பத்தி விவரமா எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குரோம்பேட்டை