குருதியில் மிதக்கும் வாங்கிகள்

பண்டாரவளை

அன்புள்ள குமரேசா,

தங்கச்சியின் மூட்டுவாதத்துக்கு எட்டனர்செப்ட் ஊசி போடலாம் என்று டாக்டர் சொன்னதாக எழுதி, அது என்ன மருந்து என்று கேட்டிருந்தாய். உயிரியல் படிப்பித்தவனிடம் கேட்டால் பதில் சுருக்கமாக வராது, பொறுத்துக்கொள். அந்த மருந்து விளங்க வேண்டுமென்றால் முதலில் லூபஸ் நோயின் கதையைச் சொல்ல வேண்டும்.

நோயை எதிர்க்கும் நிணநீர்க்கலங்கள் வேலை முடிந்ததும் தாமாகவே சாக வேண்டும். அவற்றின் மேற்பரப்பில் ஃபாஸ் என்றொரு வாங்கி, அதாவது செய்தியை வாங்கும் புரதம், இருக்கிறது. அதற்குரிய மூலக்கூறு வந்து ஒட்டினால் கலம் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய். அது போன்ற நோய் வரும் ஓர் எலி இனத்தில் பழுதாகியிருப்பது இந்த வாங்கியின் பரம்பரையலகுதான் என்று 1992இல் ஜப்பானில் நகாட்டாவின் குழுவினர் கண்டார்கள்.

1994இல் இன்னொன்று தெரியவந்தது. மென்சவ்வில் பதியும் துண்டு இல்லாமலும் இந்த வாங்கி உண்டாகிறது. அது குருதியில் மிதந்து திரியும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வர வேண்டிய கடிதம் தோட்டத்துக் கந்தோரிலேயே தங்கிவிடுமே, அப்படித்தான் சாவுச் செய்தியை வழியிலேயே அது பிடித்துவைத்துக்கொள்கிறது. சாக வேண்டிய கலம் தப்பிவிடுகிறது. லூபஸ் நோயாளர் சிலரின் குருதியில் இது கூடுதலாக இருந்ததாம். பிறகு தேடிப் பார்த்த எல்லோருக்கும் அந்த முடிவு கிடைக்கவில்லை, ஆகவே இதை மட்டும் காரணமாக நான் எடுக்கமாட்டேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் லூபஸ்தான். கொழுந்து பறிக்கிறவள். மூக்குத்தண்டின் மேலாக இரண்டு கன்னங்களும் சிவந்து தடித்திருக்கும். மலையில் நின்றுவிட்டு வந்தால் இன்னும் கூடும். குளிர்ப் பிரதேசம்தானே என்கிறார்கள். உயரத்தில் புற ஊதாக் கதிர் கூடுதல் என்பதை யாரிடம் சொல்வது? தொழிற்சாலைக்குள் வேலை கேட்டாள், இன்னும் கொடுக்கவில்லை.

இனி உன் மருந்துக்கு வருகிறேன். அதுவும் மிதக்கும் வாங்கிதான், மனிதன் செய்தது. டிஎன்எஃப் என்ற மூலக்கூறு மூட்டில் அழற்சியைக் கிளப்புகிறது. அதன் வாங்கியின் வெளிப்பகுதியைப் பிறபொருளெதிரி (கிருமிகளைப் பிடிக்க உடல் செய்யும் புரதம்) ஒன்றின் அடிப்பகுதியோடு இணைத்திருக்கிறார்கள். மூட்டுக்கலங்களைத் தொடுமுன் டிஎன்எஃப்பை அது பிடித்துவிடும். 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், இந்த ஊசியால் அரிதாகச் சிலருக்கு லூபஸ் போன்ற நோயே வருவதுண்டு.

பயப்படாதே, ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள். உள்ளே உறங்கிக் கிடக்கும் காசநோயை அடக்கிவைப்பதும் டிஎன்எஃப்தான். ஊசி தொடங்கும் முன் தங்கச்சிக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்தார்களா? நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்களா? விசாரித்து உடனே எழுது.

அன்புடன்,
இராசையா