போர்டை மாற்றினீர்கள், பாஸ்வேர்டை யார் தருவது?

அனுப்புநர்: கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம் (பெயர், பில், ஜாப் ஷீட் இணைப்பில்)
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: வாரண்டியில் போர்டு மாற்றிய லேப்டாப்பில் பயாஸ் (விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) பூட்டிக் கிடப்பது

ஐயா / அம்மா,

வணக்கம். இது என் நான்காவது மெயில். முதல் மூன்றுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது. நான் அனுப்பியது கருத்து இல்லைங்க, புகார்.

விஷயம் சின்னது. சார்ஜ் ஏறவில்லை என்று ஆகஸ்டில் கொடுத்தேன், மதர்போர்டை மாற்றித் தந்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால் புது போர்டில் விர்ச்சுவலைசேஷன், அதாவது விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு ஓஎஸ்ஸை (இயங்குதளத்தை) ஓட்டும் வசதி, ஆஃபில் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரிலேயே 'டிஸேபிள்டு' என்று காட்டுகிறது. பயாஸுக்குள் போய் நானே ஆன் செய்துகொள்வேன். பழைய போர்டில் செய்ததும் நான்தான். இப்போது உள்ளே நுழைந்தாலே சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்கிறது. அதை நான் வைக்கவில்லை. போர்டு உங்களுடையது, பாஸ்வேர்டும் உங்களுடையதுதானே?

கோவை கவுன்ட்டரில் இருந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "ரெண்டு ஓஎஸ் வேணும்னா ரெண்டு லேப்டாப் வாங்கு." வாங்குங்க இல்லை, வாங்கு. எனக்கு நாற்பத்தெட்டு வயது. எங்கள் பக்கம் மூன்று வயதுப் பிள்ளையையே 'வாங்க கண்ணு' என்றுதான் கூப்பிடுவோம். பாஸ்வேர்டு கூட அப்புறம் இருக்கட்டும், அந்த ஒரு 'ங்க' எங்கே போச்சு? அதோடு விட்டாரா, விர்ச்சுவல் மெஷின் எல்லாம் பெரிய சர்வரில்தான் ஓடும், லேப்டாப்பில் போட்டால் வைரஸ் வரும் என்றார். 2005-லேயே இன்டெல் சிப்பில் வந்துவிட்ட வசதி இது. தேங்காய் வியாபாரி எனக்குத் தெரிந்தது உங்கள் ஆளுக்குத் தெரியாதா?

அந்தக் கோவைப் பயணமே தண்டம். வேலந்தாவளம் போய் பஸ் மாறி, டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் உட்கார்ந்த பிறகு, "கேரளா பின்கோடா? அப்ப பாலக்காடு போங்க" என்றார்கள். பாலக்காட்டுக்கு நான் ஏற்கெனவே போய்விட்டுத்தான் வந்தேன்! அங்கே, பில் பொள்ளாச்சிக் கடையில் போட்டது, தமிழ்நாடு ஜிஎஸ்டி, அதனால் கோவைதான் பார்க்கும் என்றார்கள். வாரண்டி கார்டில் இந்தியா முழுக்க என்று அச்சடித்திருக்கிறீர்கள். பாலக்காடும் கோவையும் எந்த நாட்டில் இருக்கின்றன?

எதற்கு எனக்கு இரண்டாவது ஓஎஸ் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். விண்டோஸில் டாலி ஓடுகிறது, கொப்பரைக் கணக்கு முழுக்க அதில்தான். மகள் தமிழ் மீடியத்தில் பத்தாவது. கேரளப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம், கேரள அரசின் கைட் நிறுவனம் கொடுக்கும் லினக்ஸ் ஓஎஸ்ஸில்தான் நடக்கும். ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா என்று அதிலுள்ள சாஃப்ட்வேர் எல்லாம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டிய பரீட்சை. பார்ட்டிஷன் பிரித்து இரண்டையும் போடலாம் என்கிறார்கள். டாலி டேட்டா இருக்கிற டிஸ்க்கில் கை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால்தான் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற சாஃப்ட்வேர். 8 ஜிபி ராமில் பாதியை அதற்குக் கொடுத்தேன், விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் லினக்ஸ் ஓடியது. இப்போது ஸ்டார்ட் கொடுத்தால் விடி-எக்ஸ் (அதே விர்ச்சுவலைசேஷன்தான்) பயாஸில் அணைந்திருக்கிறது என்று சொல்லி நின்றுவிடுகிறது. அவள் செய்து வைத்த படமெல்லாம் அந்த ஒரே ஃபைலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

போனில் பேசிய அம்மா மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்லமாட்டேன். ஆனால் விண்டோஸை ரீசெட் செய்யச் சொன்னார். பயாஸ் பாஸ்வேர்டு விண்டோஸிலா இருக்கிறது? அவர் பேச்சைக் கேட்டிருந்தால் மூன்று வருஷக் கணக்கும் போயிருக்கும்.

நான்கு நாள் களத்துக்குப் போகவில்லை. மகளுக்கு ஒரு வருஷமே வீண். எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சத்துக்குக் குறையாது, நான் மிகைப்படுத்தவில்லை.

உங்கள் கம்பெனி மேல் எனக்கு நல்ல எண்ணம்தான். மச்சானுக்கும் உங்கள் லேப்டாப்பையே வாங்கச் சொன்னவன் நான். தயவுசெய்து ஏழு நாளைக்குள் பாஸ்வேர்டை நீக்கிக் கொடுங்கள், இல்லையென்றால் வேறு போர்டு போடுங்கள். எட்டாம் நாள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிப்பேன். அதற்கும் மசியவில்லை என்றால் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பில் பொள்ளாச்சி என்று அங்கே தப்பிக்க முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரைக்கும் வாங்கின பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. விசாரித்து வைத்திருக்கிறேன்.

ஆள் அனுப்புவதென்றால் காலை பத்துக்கு மேல் வரச் சொல்லுங்கள். கேரள எல்லைக்குள் வரமாட்டோம் என்றால் அதுவும் சரி, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு நானே வருகிறேன். அவர் அந்தப் பக்கம் நின்றே பாஸ்வேர்டை எடுக்கட்டும்.

இப்படிக்கு,
நான்காவது தடவையாக எழுதும் வாடிக்கையாளர்